ஏழாம் வரிசை நாலாம் கேன்

அந்த வீடியோ மொத்தம் பத்தொன்பது விநாடி. முதல் நான்கு விநாடிகளில் ஒரு தகரக் கூரையும் முருங்கை மரத்தின் உச்சியும் ஆடுகின்றன. எடுத்தவர் கை நடுங்கியிருக்க வேண்டும். பிறகு கூரையின் திறந்த பக்கம் வழியாக உள்ளே ஓர் ஆள் தெரிகிறார். லுங்கியை மடித்துக் கட்டி, முகத்தில் ஈரத்துண்டு சுற்றியிருக்கிறார். தோளிலிருந்து ஒரு வெள்ளைச் சாக்கை இறக்கி, வாயைப் பிரித்து, தரைமட்டத்தில் இருக்கும் பெரிய தொட்டிக்குள் வெள்ளையாக எதையோ கொட்டுகிறார். தொட்டியிலிருந்து புகை எழுகிறது. அதோடு முடிகிறது. கீழே யாரோ சிவப்பு எழுத்தில் சேர்த்திருந்தார்கள்: "பிணத்துக்குப் போடும் மருந்து உங்க மீனில். மூலக்குளம் லோரா ஐஸ். எல்லாருக்கும் அனுப்புங்க."

சாக்கு கொட்டிய ஆள் கம்பெனியில் வேலை பார்க்கும் கொளஞ்சி. கொட்டியது உப்பு. மரக்காணத்து உப்பளத்திலிருந்து லாரியில் வந்த, சமையலுக்கு ஆகாத பெருங்கல் உப்பு. எழுந்தது புகையும் அல்ல. மே மாதப் புழுக்கத்தில் அந்தத் தொட்டியின் பலகையைத் தூக்கினால், உள்ளே இருக்கும் குளிரில் வெளிக்காற்றின் ஈரம் பட்டு வெண்மையாக எழும். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் வருமே, அதுதான்.

ஐஸ் கம்பெனியில் உப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொட்டி நிறைய இருப்பது உப்புத் தண்ணீர். அதற்குள் வரிசைக்குப் பதினான்காக இருபது வரிசை தகரக் கேன்கள் கழுத்துவரை இறங்கி நிற்கின்றன. நல்ல தண்ணீர் கேன்களுக்குள் மட்டும்தான் இருக்கும். அம்மோனியா ஓடும் குழாய்கள் உப்புத் தண்ணீரைக் குளிர்விக்கும். உப்பு இருப்பதால் அது எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல் ஓடிக்கொண்டே இருந்து, கேன்களிலிருக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். ஒன்றரை நாளில் கேனுக்குள் இருப்பது கட்டியாகிவிடும். இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொண்டால் போதும். அடியில் கொதிக்கிற தண்ணீரா இட்லிக்குள் போகிறது? அதன் சூடுதான் போகிறது. இங்கே குளிர் போகிறது. ஒவ்வொரு முறையும் கேனைத் தூக்கும்போது வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் உப்புத் தண்ணீர் சொட்டிப்போகும். அதனால் வருஷத்துக்கு ஒருதரம், வேலை குறைந்த மாதத்தில், உப்பைக் கொட்டி ஈடுகட்டுவார்கள்.

வேலை குறைந்த மாதம் என்பது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பதினாலு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பதினாலாம் தேதி பகலில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஐஸ் ஏற்றும். அன்றைக்கு முதல் கட்டியின்மேல் சூடம் கொளுத்தி, அணைந்ததும் படகுக்குள் இறக்குவார்கள். எந்தக் கம்பெனிக் கட்டியில் சூடம் எரிந்ததோ, அடுத்த தடைக்காலம் வரை அந்தப் படகு அங்கேதான் ஐஸ் எடுக்கும். இடையில் மாறுவது ராசிக்கு ஆகாது என்பார்கள். ஆகவே ஓர் ஐஸ் கம்பெனிக்கு வருஷம் முழுவதும் அந்த ஒரே நாளில் முடிவாகிவிடும்.

வீடியோ வந்தது ஜூன் ஒன்பது.

எதிரில் இருந்த மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி ஃப்ரெடெரிக்கின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து புதுச்சேரிக்குத் திரும்பி வந்து இந்தக் கம்பெனியைக் கட்டியபோது சுற்றிலும் கழனி. இப்போது சுற்றிலும் வீடு. அம்மோனியா நெடி அடிக்கிறது, விடிய விடிய மோட்டார் சத்தம் என்று தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். "அந்தப் பாதிப் பேர்ல ஒருத்தன்தான்" என்பார் ஃப்ரெடெரிக், மாடியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

பத்தாம் தேதி காலை படகுக்காரர் பலராமனிடமிருந்து போன் வந்தது. இருபத்துமூன்று படகுகள் லோரா ஐஸில் எடுத்துக்கொண்டிருந்தன. அதில் மூன்று பலராமனுடையவை. அவர் எங்கே எடுக்கிறாரோ அங்கேதான் மற்றவர்களும். ஃப்ரெடெரிக்கை அவர் 'முசே' என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா.

"முசே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அப்பிடிப் பண்ணுற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏலத்துல நிக்கிறவன் கேப்பான் இல்ல, எங்க ஐஸ் போட்டேன்னு."

"நீ இன்னா சொல்லுவ?"

"கடலூர் ஐஸ்னு சொல்லுவேன்."

"கடலூர் ஐஸா போட்டிருக்க?"

"போடப்போறேன்."

ஃப்ரெடெரிக் போனை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் மனைவி ஜோசெத் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஆர்டர் எடுப்பது, லாரிக்குச் சொல்வது, மேப்பில் கம்பெனிப் படம் ஏற்றுவது எல்லாம் அவள்தான்.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் நெல்லித்தோப்புக்குப் போனார்கள். மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படியேறினால் அறிவுமதியின் அறை. ஓட்டல்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் இணையத்தில் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்வது அவன் தொழில். தொழிலில் கெட்டிக்காரன். எடுத்துச் சொல்வதிலும்.

"சார், உண்மையா பொய்யான்றது ரெண்டாவது. உங்க பேர அடிச்சா மொதல்ல இன்னா வருதுன்றதுதான் மேட்டரு. இதோ பாருங்க." திரையைத் திருப்பினான். "மொதல்ல ஸ்டாரு. ரெண்டாவது போட்டோ. மூணாவது, ஜனங்க எழுதினது. அதுக்குக் கீழ எவனும் போவ மாட்டான். இப்ப உங்களுக்கு இன்னா வருது? ஒன்னு புள்ளி நாலு. மேல ஒரு அம்மா எழுதினது நிக்குது."

அந்தம்மா வீராயி. மீன் விற்பவள். அவள் எழுதியது வீடியோவுக்கும் முன்பு, மே கடைசியில். ஒரு நட்சத்திரம் போட்டு, "ஐஸ் கசக்குது. மீனு கெட்டுப்போச்சி. கேட்டா வெரட்றாங்க" என்று மூன்றே வாக்கியம். வீடியோ பரப்பியவர்கள் அதைப் படம்பிடித்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். கசப்பு என்றால் மருந்து என்று ஆகிவிட்டது.

"வீடியோவ அழிக்க முடியாதா?" என்றார் ஃப்ரெடெரிக்.

"ஒரு எடத்துல அழிச்சா பத்து எடத்துல நிக்கும் சார். பொய்ய அழிக்க முடியாது, அமுக்கத்தான் முடியும். நல்லதா நாப்பது அம்பது பேர எழுத வைங்க, அது அடியில போயிடும். சொந்தக்காரங்க, பிரெண்ட்சு, யாரா இருந்தாலும் சரி. அப்புறம், எதையும் ஒத்துக்காதீங்க. ஒரு சின்னத் தப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு வைங்க, அதப் போட்டோ புடிச்சி ஒம்போது பொய்யோட சேத்து உட்ருவான்."

"அந்தம்மாவுக்கு?" என்றாள் ஜோசெத்.

"போட்டிக் கம்பெனி வேலன்னு பதில் போட்டுருவோம் மேடம்."

அவனே அடித்தான். 'இவர் எங்கள் வாடிக்கையாளரே அல்ல. இது போட்டி நிறுவனத்தின் பொய்ப் பதிவு.' ஃப்ரெடெரிக் படித்துவிட்டு, "சரி, போடு" என்று தலையாட்டினார். வீராயி பதினொரு வருஷமாக, வாரம் ஆறு நாள், விடிகாலையில் வாயிலில் வந்து நிற்கிறவள்.

அன்று சாயங்காலம் ஜோசெத் பாரீஸ் பக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் ஜான்-பத்திஸ்துக்குப் போன் செய்தாள். அவர் அங்கே புதுச்சேரிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர். பொங்கல், பிரெஞ்சுத் தேசிய நாளான பதினாலு ஜூலை இரண்டுக்கும் ஹால் பிடித்துப் பிரியாணி போடுகிறவர். சங்கத்துக்கு வாட்ஸப் குரூப் உண்டு. சாவு, கல்யாணம், விமான டிக்கெட் எல்லாம் அதில்தான். அவர் சொன்னால் எதற்கு என்று கேட்காமல் செய்கிற ஜனம்.

"ஜோ, நீ இன்னாத்துக்கு அழற? சா வா, சா வா, ஒண்ணும் ஆவாது. மாப்ளகிட்ட சொல்லு, விடிஞ்சா பாக்கட்டும்."

விடிந்ததும் பார்த்தார்கள். அறுபத்தொரு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எல்லாமே பிரெஞ்சில். ஃப்ரெடெரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் ஐந்தாறைச் சத்தமாக வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

ஜான்-பத்திஸ்த் குரூப்பில் போட்டது ஒரே வரி: 'புதுச்சேரியில் என் தங்கையின் லோரா. ஐந்து நட்சத்திரம் போடவும், நன்றி.' லோரா என்பது ஃப்ரெடெரிக்கின் மகள் பெயர். அவள் பிறந்த வருஷம் கம்பெனிக்கு வைத்தது. அங்கிருப்பவர்களுக்கு அது என்ன தெரியும்? புதுச்சேரியில் தங்கை நடத்துவது என்றால் தங்கும் விடுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். 'அன்பான வரவேற்பு, அறைகள் மிகச் சுத்தம்.' 'காலையில் கொடுத்த க்ருவாசான் ரொட்டி பாரீஸில்கூடக் கிடைக்காது.' 'கடற்கரைக்கு நடந்தே போகலாம்.' யாரோ ஒருவர் நியாயவான் போல, குறையும் ஒன்று எழுதியிருந்தார்: 'நீச்சல்குளம் மட்டும் கொஞ்சம் அதிகக் குளிர்.'

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு என்று அடியிலேயே மொழிபெயர்க்கிற பொத்தான் இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் யாரோ அதை அழுத்திவிட்டார்கள். பத்து மணிக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

"மதாம், ரூம் இருக்குதா? ஏசி ரூமு எவ்ளோ?"

"நீச்சல்கொளத்துல மருந்து போட்டுதான் குளிப்பீங்களா, மருந்து இல்லாமயா?"

"க்ருவாசான் பார்சல் உண்டுங்களா?"

சிரித்தவர்கள் சும்மா விடவில்லை. ஐஸ் கம்பெனிக்கு அறை சுத்தம் என்று ஊரெல்லாம் பொய் எழுத வைக்கிறவன், ஐஸில் மருந்து போடமாட்டானா என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பு இல்லை. பன்னிரண்டாம் தேதி காலை அந்த அறுபத்தொன்றையும் மேப்காரர்களே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஒரே ராத்திரியில், ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து, இதற்கு முன் எதையும் எழுதாத ஆட்கள் கூட்டமாக வந்து எழுதினால் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறார்களாம். மீண்டும் ஒன்று புள்ளி நாலு. உச்சியில் வீராயி. அவளுக்குக் கீழே, கம்பெனி சொன்ன பதில்.

அன்று காற்றே இல்லை. கடற்காற்று மூன்று மணிக்குமேல்தான் மூலக்குளம் வரை வரும். முருங்கை இலைகூட அசையாமல் நின்றது. ஜோசெத் கம்பெனிக்குள் போய், தொட்டியின்மேல் போட்டிருந்த பலகையில் செருப்பில்லாமல் நின்றாள். உள்ளங்காலில் குளிர் ஏறியது. கட்டிகள் எல்லாம் உறைந்து, எடுக்க ஆள் இல்லாமல் கேன்களில் நின்றன.

கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இருபத்தாறு வருஷமாக இந்தத் தொட்டியோடு இருப்பவர். வீடியோவில் அவர் முகம் தெரியாவிட்டாலும், வில்லியனூரில் அவர் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் 'பொணமருந்து வீட்டுப் பொண்ணு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மதாம், ஒண்ணு சொல்லட்டுங்களா? முசே கோவிச்சிக்குவாரு."

"சொல்லுங்க."

"அந்த வீராயிம்மா பொய் சொல்லல."

அவர் கொக்கியை எடுத்துப் பக்கத்திலிருந்த கட்டியைத் தட்டினார். கிண் என்றது. "நல்ல கட்டின்னா இப்பிடிப் பேசும். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவுல மட்டும் வெள்ள. மே இருவத்தஞ்சாந்தேதி ஏழாம் வரிசையில ஒரு கட்டியத் தட்டுறேன், தொப்புன்னுது. பாத்தா மொத்தமும் பால் மாதிரி வெள்ள. அடிப்பக்கம் கொழகொழன்னு. நாக்குல வச்சேன். ஒரே கரிப்பு, பின்னாடி கசப்பு. கேன தூக்கித் தண்ணி ஊத்திப் பாத்தா, அடிமூலையில வெல்டு உட்டுப்போயி ஓட்ட. வெளியில இருக்குற உப்புத்தண்ணி நல்ல தண்ணிய விடக் கனம் இல்ல? உள்ள ஏறிடும். உப்பு ஏறினா அந்த எடம் ஒறையாது. சீக்கிரம் கரைஞ்சி போயிடும்."

"வீராயிக்கா எடுத்தது அதுக்கு முன்னாடி இல்ல?"

"ஆமா, ரெண்டு நாளு முன்ன. அதே கேனுதான். அவங்க ஒடச்சிக் குடுன்னு கேட்டாங்க, நேரா மெஷின்ல தள்ளிட்டேன். மெஷினு சத்தத்துல கட்டி சத்தம் எங்க கேக்குது? முசேகிட்ட அன்னிக்கே சொன்னேன். வாயத் தொறக்காதன்னாரு."

"கேன் எங்க?"

"மரத்துக்குப் பின்னாடி கவுத்து வச்சிருக்கேன்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் பேச்சை எடுத்தாள். தடைக்காலத்தில் நல்ல மீன் ஏது, சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும்தான். ஃப்ரெடெரிக் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழாம் வரிசை நாலாம் கேன்."

அவர் நிமிரவில்லை. "கொளஞ்சி சொன்னானா?"

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இருநூத்தி எம்பது கேன்ல ஒரு கேனு, ஜோ. அதுக்குப் போயி ஊரக் கூட்டுவாங்களா?"

"அந்த ஒரு கட்டிதான் அந்தம்மாவுக்குப் போச்சி. வந்து கேட்டதுக்கு எங்கியோ வாங்கிட்டு வந்து இங்க நிக்காதன்னு வெரட்டினீங்க. இப்ப வாடிக்கையே இல்லன்னு எழுதி வச்சிருக்கோம்."

"ஒத்துக்கிட்டா கத முடிஞ்சிது. அந்தப் பையன் சொன்னான் இல்ல?"

"மூணு நாளா இல்லவே இல்லன்னோமே, எத்தன படகு ஆர்டர் வந்துச்சி?"

"எங்கப்பா கட்டின கம்பெனி. எங்கப்பா பேருல ஒருத்தன் கை நீட்டினது இல்ல."

"அதனாலதான் சொல்றேன்."

"நீ எழுதினீன்னா" என்றார் அவர், விரலைக் குழம்போடு நீட்டி, "நாளைக்கு நீயே வாசல்ல நின்னு பதில் சொல்லு. நான் நிக்க மாட்டேன்."

"நிக்கிறேன்."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து போனார். ஜோசெத் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள். அறிவுமதி எழுதிய பதிலை அழித்தாள். அந்த இடத்தில், தமிழில் பேசுவது போலவே எழுதினாள்.

'வீராயி அக்கா, நீங்க பதினொரு வருஷமா எங்ககிட்ட ஐஸ் எடுக்கறீங்க. மே 23 உங்களுக்குக் குடுத்தது உப்புக் கட்டி. ஏழாம் வரிசை நாலாம் கேன் அடியில ஓட்டை. தொட்டி உப்புத்தண்ணி உள்ள போயிடுச்சி. மருந்து கிடையாது. நீங்க கேட்டப்பவே பாத்துச் சொல்லி இருக்கணும். வெரட்டிட்டோம். உங்கள வாடிக்கை இல்லன்னு எழுதினது பொய். கேன் இங்கதான் இருக்கு. வந்து பாருங்க. ஜோசெத்.'

பதின்மூன்றாம் தேதி எட்டு மணிக்கெல்லாம் ஆட்டோ வந்து நின்றது. வீராயி, அவள் மகள் வினோதா, இன்னும் இரண்டு மீன்காரப் பெண்கள். வினோதாதான் அம்மாவுக்காக மேப்பில் எழுதியவள். இப்போது கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

நிற்க மாட்டேன் என்ற ஃப்ரெடெரிக் வாயிலில் நின்றார். "வீடியோ எடுக்கக் கூடாது."

"ஏன்?" என்றாள் வீராயி. "மாடி மேல நின்னு எடுத்தா பரவால்ல, நேரா வந்து எடுத்தா தப்பா?"

"இந்தா பாரும்மா, இது பிரைவேட்டு எடம்."

"அப்பிடியா? அன்னிக்கு நான் கரையா கரைஞ்சப்ப ரோட்டுல நிக்க வச்சியே, அது எந்த எடம்? ஒரு பெட்டி சங்கரா. கண்ணெல்லாம் வெளுத்துப் போயி, தொட்டா பிஞ்சிக்கிட்டு வருது. கோழிக்குக்கூட ஆவாதுன்னு கொட்டினேன். உங்கிட்ட ஒரு காசு கேட்டனா? ஐஸு ஒரு மாதிரி இருக்குது, பாருன்னுதான் சொன்னேன். நீ இன்னா சொன்ன?"

"அதான் எழுதிட்டாளே அவ."

"அவதானே எழுதினா."

ஜோசெத் குறுக்கே வந்தாள். "உள்ள வாங்கக்கா."

"அக்கான்லாம் வேணாம். வாடிக்கைன்னா வாடிக்கையோட நிறுத்திக்க. அதுவும் இல்லன்னு எழுதினவங்க நீங்க."

கொளஞ்சி கேனை முருங்கை மரத்தடியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். அவர் இடுப்பைத் தாண்டிய உயரம். கேனின் நெற்றியில் வெள்ளை வர்ணத்தில் 7-4 என்று இருந்தது. நான்கு செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்தி, குழாயைத் திருப்பி உள்ளே விட்டார். தண்ணீர் ஏறுகிற சத்தம் மட்டும் கேனுக்குள் மாறிக்கொண்டே வந்தது, முதலில் தகரச் சத்தமாக, பிறகு கனமாக. பாதிக்குமேல் ஏறியதும் அடிமூலையிலிருந்து மயிரிழை போல ஒரு தாரை வளைந்து வெளியே விழுந்தது.

வீராயி புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலை வைத்தாள். நின்றது. எடுத்தாள். மீண்டும் வந்தது. இரண்டு மூன்று முறை அதையே செய்தாள்.

"இத்தினி ஓட்டையா?"

"இத்தினிதாம்மா" என்றார் கொளஞ்சி. "ஒன்ற நாளு உப்புத்தண்ணிக்குள்ள நிக்குது இல்ல, அது போதும்."

கூட வந்த பெண்களில் ஒருத்தி, "இது ஓட்டைன்னா, அது மருந்து இல்லன்னு ஆயிடுமா? ரெண்டும் இருக்கும்" என்றாள்.

ஓட்டையைக் காட்டிவிடலாம். இல்லாத மருந்தை எப்படி இல்லை என்று காட்டுவது? ஜோசெத் கொளஞ்சியைப் பார்த்தாள். அவரும் விழித்தார்.

பதில் சொன்னது வீராயி. எழுந்திருக்காமல், தாரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏன்டி, நீ எத்தன வருசமா மீன் விக்கிற? மருந்து போட்ட மீனு எப்பிடி இருக்கும்? மூணு நாளானாலும் வெறச்சிக்கிட்டுக் கெடக்கும். ஈ ஒக்காராது. எம்மீனுல ஈ மொச்சிது. மத்தியானத்துக்குள்ள கொழஞ்சிடுச்சி. மருந்து போட்டிருந்தா கெட்டிருக்குமா? கெட்டுதுன்னுதானே நான் சண்டைக்கே வந்தேன்?"

நான்கு நாட்களாக ஊர் முழுக்க அந்த இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றியிருக்கின்றன. ஒன்று மீன் கெட்டுப்போனது என்றது. மற்றொன்று மீன் கெடாமலிருக்க மருந்து என்றது. இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பார்த்திருக்கவில்லை.

"நான் மருந்துன்னு எங்கியும் சொல்லல" என்றாள் வீராயி, இப்போது எழுந்து நின்று. "கசக்குதுன்னேன். எவனோ எம்பேர எடுத்து அவம்பொய்ல ஒட்டிக்கிட்டான். நீங்க இன்னொரு பொய்ல ஒட்டினீங்க. ரெண்டு பேருக்கும் நாந்தான் கெடச்சனா?" ஃப்ரெடெரிக் பக்கம் திரும்பினாள். "முசே சொல்லட்டும். பொம்பள எழுதினது போதாது. வினோதா, புடி."

"இன்னாத்த சொல்லணும்?"

"எங்கிட்ட குடுத்தது இன்னா கட்டி?"

ஃப்ரெடெரிக் எதிர் மாடியைப் பார்த்தார். அங்கே இரண்டு பேர் துணி காயப்போடும் சாக்கில் நின்றிருந்தார்கள். "உப்புக் கட்டி."

"யாருக்குக் கேட்டுச்சி? சத்தமா."

"உப்புக் கட்டி! கேன் ஓட்ட! கொளஞ்சி சொன்னான், நாந்தான் வாய மூடுன்னேன்! போதுமா?"

"இப்ப கேட்டுச்சி." வீராயி வினோதாவின் போனைத் தாழ்த்தினாள். வாயில்வரை போய்த் திரும்பினாள். "நாளைலருந்து உங்கிட்ட நான் ஐஸ் எடுக்கப் போறது இல்ல. ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன்."

ஆட்டோ போனதும் ஃப்ரெடெரிக் கேனைக் காலால் ஓர் உதை விட்டார். அது சாய்ந்து தண்ணீர் முழுவதும் அவர் செருப்பின்மேலேயே கொட்டியது. "திருப்தியா?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீராயியின் பழைய மூன்று வாக்கியம் மாறியிருந்தது.

'கட்டியில உப்பு. மருந்து இல்ல. நானே போயி கேன பாத்தேன். மருந்து போட்டா மீனு கெடாது, எனக்குக் கெட்டுது, யோசிங்க. மீனு கெட்டதுக்கு ஒரு ஸ்டாரு. வெரட்டினதுக்கு இன்னும் கொறைக்கலாம்னா ஒண்ணுக்குக் கீழ இல்லியாம்.'

நட்சத்திரம் ஒன்றேதான்.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குத்தான் பலராமனின் லாரி வந்தது. வழக்கமாக ஏழுக்கே வந்துவிடும். பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள். பலராமன் இறங்கி, ஃப்ரெடெரிக்கை நேராகப் பார்க்காமல் கொளஞ்சியிடம் பேசினார்.

"அம்பது பேரு நல்லவன்னு எழுதினா எனக்கு அது வேணாம். திட்டுறவளே மருந்து இல்லன்றா பாரு, அதுக்காவத்தான் வந்தேன். ஒவ்வொரு கட்டியும் தட்டிப் பாத்துதான் ஏத்துவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தட்டிக்கோ" என்றார் கொளஞ்சி.

தட்டினார்கள். கேன்களைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் இளகிக் கட்டி கழன்றுகொள்ளும். கவிழ்த்தால் பலகையில் சறுக்கி வரும். சறுக்கி வந்த ஒவ்வொன்றையும் படகுக்காரர்கள் கொக்கியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்கள். சிலர் குனிந்து ஓரத்தில் நாக்கை வைத்தார்கள். ஃப்ரெடெரிக் அறைக்குள் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அந்த நாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தில் யாரும் கட்டியைத் தட்டியதில்லை.

மத்தியானத்துக்குள் ஒன்பது படகுக்கு ஏற்றியாகிவிட்டது. பதினாலு வரவில்லை. அவை கடலூருக்குப் போய்விட்டன. அடுத்த வருஷம் வரை வராது. வீடியோ இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. திண்டிவனத்திலிருந்து யாரோ ஒரு அம்மா அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்ததாகச் சொல்லி, போன் செய்து சாபம் கொடுத்தார். கடைசி வரை கேட்டுவிட்டு வைத்தாள் ஜோசெத்.

வைத்ததும் மீண்டும் அடித்தது. அறிவுமதி.

"மேடம், நல்ல சேதி. அந்தம்மா ரிவ்யூவ எடுத்துறலாம். எழுதினது ஒண்ணு, அப்புறம் மாத்தினது ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலன்னு புகார் குடுத்தா தூக்கிருவாங்க. அந்த ஒரு ஸ்டாரு போச்சின்னா உங்க நம்பர் கொஞ்சமாவது மேல ஏறும்."

வாயிலில் பலராமன் லாரியின் முதல் கட்டிமேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகி, சுடரைச் சுற்றித் தண்ணீர் ஒரு வளையமாகத் தேங்கியிருந்தது.

"தம்பி, அதுமேல கைய வைக்காத" என்றாள் ஜோசெத். "எங்களப் பத்தி எழுதினதுல அது ஒண்ணுதான் உண்ம."